கத்திரி வெயிலிலும் அல்லிக்குளம் வற்றாமல் இருக்க...

சித்திரை பிறந்துவிட்டால் கொல்லையில் அல்லித் தொட்டியோ சின்ன மீன்குளமோ வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் ஒரே கவலைதான். நேற்று ததும்ப நிரப்பியது இன்று இறங்கி நிற்கும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இதோ.

1. தண்ணீரைக் குடிப்பது வெயிலா, விரிசலா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, கனத்துக்குக் கல் போட்டு, குளத்துக்குள்ளேயே நிற்க வைத்து, வாளியின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தை மார்க்கரால் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்; வெளிக்கோட்டில் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த இரண்டு நாளும் நீரூற்று மோட்டாரை நிறுத்தி வையுங்கள்.

2. ஒழுகல்தான் என்றால் உடனே கொத்தனாரைக் கூப்பிட வேண்டாம். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் விடுங்கள். எந்த மட்டத்துக்கு வந்து இறங்காமல் நிற்கிறதோ, பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் விரிசல் இருக்கும். அந்த இடத்தை மட்டும் பூசினால் போதும்.

3. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் போயிற்று என்று கணக்கு. பத்தடிக்கு ஆறடிக் குளத்தில் 7 மில்லிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 40 லிட்டர், அதாவது இரண்டு தண்ணீர் கேன்! இது ஒரே நாளில் போவதும் கோடையில் உண்டு.

4. அல்லி இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் படர்ந்திருக்கட்டும். வெயிலும் காற்றும் நேராகத் தண்ணீரில் படாது, பாசியும் குறையும். ஆனால் வெங்காயத்தாமரையை மட்டும் உள்ளே விடாதீர்கள். இலை வழியே ஏராளமாக நீரை உறிஞ்சி வெளியே விடும் செடி அது. ஏரி, வாய்க்காலுக்குப் பரவினால் ஊருக்கே தொல்லை.

5. வெயிலுக்குச் சமமாகத் தண்ணீரைக் கொண்டுபோவது காற்று. காற்று வரும் பக்கம் செம்பருத்தி வேலியோ, மூங்கில் தட்டியோ இருந்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

6. உச்சி வெயிலுக்கு மட்டும் பச்சை நிழல்வலை கட்டுங்கள். நாள் முழுக்க மூடினால் அல்லி மொட்டு விடாது. வலைக்குப் பதில் பழைய பருத்திப் புடவை கட்டுகிறவர்கள், அதன் நுனி தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரிபோல் உறிஞ்சி வெளியே சொட்டவிடும். குளத்தோரப் புல் வேரும் இதே வேலையைச் செய்யும், அவ்வப்போது வெட்டிவிடுங்கள்.

7. நீரூற்றை மதியத்தில் ஓடவிட்டால் சிதறும் துளியெல்லாம் ஆவிதான். விடியற்காலையில் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும், மீன்களுக்கும் நல்லது.

8. புதிதாகத் தொட்டி கட்டப் போகிறீர்களா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள். தண்ணீர் ஆவியாவது மேற்பரப்பில்தான். பூசாத மண்தொட்டி வேண்டாம், சுவர் வழியாகவே கசிந்து காய்ந்துவிடும்.

9. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போய்ச் சுவரில் வெள்ளையாகப் படியும். இடையிடையே நான்கைந்து வாளி மொண்டு வாழைக்கும் கீரைக்கும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். மீன்கழிவு கலந்த நீர் செடிக்கு அருமையான உரம். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்பு அதிகம், அதைக் குளத்தில் ஊற்றவே கூடாது.

10. மட்டம் இறங்கும்போது ஓரக்குழிகளில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். மீன் போக முடியாத அந்த மூலைகளைத் துடைத்து விடுங்கள். தொட்டிக்குள் கப்பி மீன் நாலைந்து இருந்தால் கொசுப்புழுவை அது பார்த்துக்கொள்ளும்.

11. கோடை மழையை விட்டுவிடாதீர்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 900 லிட்டர் கிடைக்கும், அதுவும் உப்பில்லாத தண்ணீர். முதல் பத்து நிமிட அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு குழாயைக் குளத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள். மேகம் கறுக்குமுன் மாடியை ஒருமுறை பெருக்கி வையுங்கள்!