கக்குவான் இருமலும் தடுப்பூசியும்

(சுகாதாரமும் உடற்கல்வியும் – தொற்றுநோய்கள்)

1. நோயாக்கியும் பரவலும்

கக்குவான் (குக்கல்) 'போர்டெட்டெல்லா பேர்டூசிஸ்' எனும் பற்றீரியாவால் ஏற்படுகின்றது. 1906 இல் போர்டே, ஜென்கூ ஆகியோர் இதனை வேறாக்கிக் காட்டினர். நோயாளி இருமும்போது வெளிவரும் சிறுதுளிகள் மூலம் இது பரவும். நோயரும்பு காலம் பெரும்பாலும் 7–10 நாட்களாகும். பற்றீரியா சுவாசப் பாதையின் பிசிர்களில் ஒட்டி நச்சுப்பொருளை வெளியிடும். பிசிர்கள் பழுதடைவதால் சளி வெளியேறாது தேங்கி, இருமல் தொடர்கின்றது.

2. நோயின் கட்டங்கள்

அ. தடிமன் கட்டம் (1–2 வாரம்): மூக்கு வடிதல், இலேசான காய்ச்சல், சிறு இருமல். சாதாரண தடிமன் என எண்ணப்படும் இக்காலத்திலேயே நோய் எளிதில் தொற்றும்.
ஆ. இருமல் கட்டம் (பல வாரங்கள்): மூச்சுவிட இடமின்றித் தொடர் இருமல், முடிவில் 'கூ' என்ற ஒலியுடன் மூச்சை இழுத்தல், வாந்தி.
இ. தேறும் கட்டம்: இருமல் படிப்படியாகக் குறைதல்.

கவனிக்க: கைக்குழந்தைகளில் 'கூ' ஒலி கேட்காமலிருக்கலாம். மூச்சு இடையிடையே நின்று உதடு நீலமாகலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

3. தடுப்பூசி

இலங்கையில் முக்கூட்டுத் தடுப்பூசி 1961 இல் அறிமுகமானது. 2008 முதல் 2, 4, 6 ஆம் மாதங்களில் ஐங்கூட்டுத் தடுப்பூசியும், 18 ஆம் மாதத்தில் முக்கூட்டுத் தடுப்பூசியும் ஏற்றப்படுகின்றன. இவற்றிலுள்ள கொல்லப்பட்ட பற்றீரியாக்கள் நோயை உண்டாக்கா. பிறபொருளெதிரிகள் உருவாகத் தூண்டும். இது செயற்கையாகப் பெறப்படும் உயிர்ப்பான நிர்ப்பீடனமாகும்.

4. தடுப்பூசியைக் கைவிட்டால்?

ஜப்பானில் 1974 இல் 393 நோயாளரே பதிவாகினர், இறப்பு இல்லை. தடுப்பூசி ஏற்றப்பட்ட இரு குழந்தைகள் இறந்ததால் எழுந்த அச்சத்தில் 1975 இல் அது இடைநிறுத்தப்பட்டது. பின்னர் தடுப்பூசி பெறுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. 1979 இல் 13,000 இற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 41 பேர் இறந்தனர்.

5. மாதிரி வினா

வீட்டில் ஒரு மாதக் குழந்தை உண்டு. தரம் 11 இல் கற்கும் அண்ணனுக்கு இரு வாரமாக இருமல். சிறுவயதில் தடுப்பூசி பெற்றவர் என்பதால் பயமில்லை என்கிறார் தாய். இக்கூற்று சரியா?

விடை: தவறு. தடுப்பூசியால் கிடைக்கும் நிர்ப்பீடனம் ஆண்டுகள் செல்லக் குறையும். எனவே அண்ணனுக்கு இலேசாக நோய் ஏற்பட்டுத் தம்பிக்குத் தொற்றலாம். குழந்தையோ முதல் ஊசிக்குரிய 2 மாதத்தை அடையவில்லை. அண்ணன் குழந்தையைத் தூக்காது விலகியிருந்து, வைத்தியரிடம் காட்டி, அவர் தரும் நுண்ணுயிர்கொல்லியை முழுமையாக உட்கொள்ள வேண்டும்.

மாணவர்களே, இவ்விடை பரீட்சைக்கு மட்டுமன்று. உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் உரியது.