வாசலில் வாங்கிய பதில்கள்

பொது சுகாதார முதுகலைப் படிப்பில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இத்துறையில் நெடுங்காலம் கணக்குப் பார்த்த உரிமையில் சில சொல்கிறேன். வளாகத்தில் நூலகம் உண்டு, கணினி அறை உண்டு, சர்வரும் உண்டு. அவற்றுக்குள் நீங்கள் கொண்டுவரப் போவது, அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்ற ஒரு தாய் உங்களை நம்பிச் சொன்ன பதில்கள். இந்த எண்ணம் இருந்தால் கீழே சொல்வதெல்லாம் எளிதாக விளங்கும்.

1. முதல் வாரமே நூலகரைப் போய்ப் பாருங்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அது திறந்துவிட்டிருக்கிறது. விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் அவற்றுக்குள் எப்படி நுழைவது என்று அவர் காட்டுவார். தனியார் கல்லூரி மாணவர்கள் தங்கள் நூலகம் எவற்றுக்குச் சந்தா கட்டுகிறது என்று விசாரியுங்கள். பப்மெட் சென்ட்ரல் எல்லோருக்கும் இலவசம். பப்மெட்டில் சரியான பொருள் தலைப்புகளைக் கொண்டு தேடும் முறையை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பல இரவுகள் மிச்சமாகும்.

2. புள்ளியியல் ஆசிரியரை ஃபீல்டுக்குப் போகும் முன்பே பாருங்கள். எத்தனை பேரைக் கேட்பது, ஊர்களை எப்படித் தேர்வது, ஒரே தெருவில் பலரைக் கேட்டால் எண்ணிக்கையை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாக வேண்டியவை. சேகரித்து முடித்தபின் வந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

3. புள்ளியியல் கணிப்புக்கு ஆர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய அது இன்றும் இலவசம். ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் உரிமம் பெரும்பாலும் லேப் கணினிகளோடு நின்றுவிடும். நாளை ஒரு மாவட்ட அலுவலகத்தில் நீங்கள் வேலைக்குச் சேரும்போது அது உங்களோடு வராது. வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ்ஸும் இலவசம். திருட்டு நகல் எதற்கும் தேவையில்லை.

4. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வந்தது வந்தபடி ஒரு பிரதியைப் பூட்டி வைத்துவிட்டு, திருத்தம் ஒவ்வொன்றையும் கட்டளைகளாக எழுதி அடுத்த பிரதியில் செய்யுங்கள். எக்செலில் கையால் ஒரு கட்டத்தை மாற்றினால், அதை மாற்றியது யார், ஏன் என்பதற்குச் சாட்சி இருக்காது. எக்செலால் நேர்ந்த பெரிய சேதம் ஒன்றைச் சொல்கிறேன். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு, கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்தன. 15,841 தொற்றுகள் அன்றன்றைய கணக்கில் வராமல் போயின. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி நாட்கணக்கில் தாமதமானது. அந்த நாட்களில் எத்தனை வீடுகளுக்குத் தொற்று போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோப்பை ஏற்றியதும் வரிசைகளை எண்ணுங்கள்; அனுப்பியவரிடம் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

5. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவை எடுத்து தீசிஸ் செய்வோர் பலர். ஐந்தாம் சுற்றில் (2019–21) மட்டும் 6,36,699 வீடுகள், 7,24,115 பெண்கள். இதை நேராக எண்ணிச் சதவீதம் போடக் கூடாது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எடை உண்டு. பெண்கள் கோப்பில் அது வி005 என்ற பத்தியில் இருக்கும், அதைப் பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஊர்த்தொகுதிகளையும் அடுக்குகளையும் கணிப்பில் சொல்லியாக வேண்டும். ஆரில் சர்வே என்ற தொகுப்பு அதற்கென்றே இருக்கிறது. இதைச் செய்யாத தீசிஸ்கள் ஏற்கப்படுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

6. தமிழ் வினாப்பட்டியலை யூனிகோடிலேயே தட்டச்சு செய்யுங்கள். பழைய வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்ததைக் கோபோ என்ற தரவுச் சேகரிப்புச் செயலியில் ஏற்றினால் ஃபோனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்; கிராம சுகாதாரச் செவிலியர் எதைப் படிப்பார்? வயதுக்கு 99 என்று போட்டால் அது தொண்ணூற்றொன்பதா, ‘பதில் இல்லை’யா என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள்.

7. சர்வர் பொதுச்சொத்து. முழுத் தரவையும் ஓட்டுமுன் ஆயிரம் வரிசைகளை வைத்துச் சோதியுங்கள். வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்யுங்கள்.

8. பெயர், கைபேசி எண், முகவரி மூன்றையும் பதில்களிலிருந்து முதல் நாளே பிரித்துத் தனிக் கோப்பில் பூட்டுங்கள். லேப் கணினியின் டெஸ்க்டாப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்; பென்டிரைவில் சுமக்காதீர்கள்; வாட்ஸாப்பில் கைடுக்கு அனுப்பாதீர்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். சின்னக் கிராமத்தில் ‘34 வயது, ஆசிரியை, கணவரை இழந்தவர், காசநோய்’ என்று நான்கு பத்திகள் இருந்தாலே ஊருக்கு ஆளைத் தெரிந்துவிடும். டி.எச்.எஸ். எனப்படும் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளைப் பாருங்கள்: வெளியிடும் முன் ஊர்த்தொகுதியின் இருப்பிடத்தையே நகரில் 2 கிலோமீட்டர் வரையும் கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தியிருக்கிறார்கள், கிராமத் தொகுதிகளில் நூற்றுக்கு ஒன்றை 10 கிலோமீட்டர் வரைகூட. நீங்கள் வரைபடம் போடும்போது வீடு வீடாகப் புள்ளி வைக்காதீர்கள். வட்டார அளவில் நிறம் தீட்டினால் போதும். படிப்பு முடிந்து கிளம்பும்போது துறையின் பாதுகாப்பில் ஒரு பிரதியை ஒப்படைத்துவிட்டு, எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தபடி உங்கள் லேப்டாப்பில் இருப்பதை அழித்துவிடுங்கள்.