ஆங்கிலத்தைத் திருத்தும் முன் பாத்தியை எண்ணுங்கள்

ஓசூர், தளி பக்கம் ஆய்வு செய்து இதழுக்குக் கட்டுரை அனுப்பியவர்களிடம் அது ஏன் திரும்பி வந்தது என்று கேட்டால், "நம்ம இங்கிலீஷ் சரியில்லை சார்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வந்த கடிதத்தை வாங்கிப் படித்தால் கதை வேறாக இருக்கும். மொழியைப் பற்றி ஒரே ஒரு வரி, செய்முறையைப் பற்றி ஒரு பக்கம். காசு கொடுத்து ஆங்கிலத்தைத் திருத்தி வாங்கி மறுபடி அனுப்புகிறார்கள். மறுபடியும் திரும்பி வருகிறது.

உள்ளூர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தளி வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் பசுமைக்குடில், குடில் முழுக்க ரோஜா. கொய்மலருக்கான இந்தோ-இஸ்ரேல் மகத்துவ மையமும் தளியில்தான் இருக்கிறது. விலங்கியல் முனைவர் பட்ட மாணவி ஒருவர், ரோஜாவில் வரும் சிவப்புச் சிலந்தியை வேப்பெண்ணெய்க் கரைசல் கட்டுப்படுத்துமா என்று பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரு குடிலில் தெளிக்கிறார், பக்கத்துக் குடிலில் தெளிக்கவில்லை. குடிலுக்கு 30 செடி, செடிக்கு 3 இலை, கைலென்ஸ் வைத்து எண்ணுகிறார். கழுத்து வலிக்க வலிக்கச் செய்த வேலை. அட்டவணையில் மாதிரி எண்ணிக்கை 90 என்று எழுதுகிறார்.

மதிப்பாய்வாளரின் கணக்கில் அது 1. தெளித்த குடில் ஒன்று, தெளிக்காத குடில் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு குடிலுக்கும் செடியின் வயது வேறாக இருக்கலாம். ஒன்றின் பக்கத் திரை கிழிந்திருக்கலாம். ஒன்றில் வெக்கை கூடுதலாக இருக்கலாம், சிலந்திக்கோ வெக்கையும் வறட்சியும் கொண்டாட்டம். வித்தியாசம் வேப்பெண்ணெயால் வந்ததா, குடிலால் வந்ததா என்பதை அந்த 90 இலையும் சேர்ந்தாலும் சொல்ல முடியாது. இந்தப் பிழைக்குப் 'போலி மறுபதிவு' என்று பெயர். அமெரிக்கச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்குப் பிறகு எந்த நல்ல மதிப்பாய்வாளரும் இதைக் கண்டும் காணாமல் விடுவதில்லை.

இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் வழி சுலபம். ஒரே குடிலுக்குள் பாத்திகளைத் தொகுதி தொகுதியாகப் பிரியுங்கள். எந்தப் பாத்திக்கு எந்தக் கரைசல் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இடையில் ஒரு பாத்தியைக் காவலுக்கு விடுங்கள், ஏனென்றால் தெளிப்பும் பறக்கும், சிலந்தியும் வேலையாளின் சட்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போகும். முடிந்தால் இன்னும் இரண்டு மூன்று விவசாயிகளின் குடிலிலும் இதையே செய்யுங்கள். வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதா? இலைகளின் சராசரியைக் குடில்வாரியாக எடுத்து, இரண்டே குடிலில் பார்த்தது இவ்வளவு என்று அடக்கமாக எழுதிக் குறுங்கட்டுரையாக அனுப்புங்கள். 'கட்டுப்படுத்துகிறது' என்ற வினையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், பாடப்புத்தகத்தில் இல்லாதது. காதலர் தினமான பிப்ரவரி 14க்கு முந்தைய வாரங்களில் எந்த ரோஜா விவசாயியும் ஒரு பாத்தியை மருந்தடிக்காமல் விட்டுவைக்க மாட்டார். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் உங்கள் ஒப்பீட்டுப் பாத்திக்கும் சேர்த்து அடித்துவிடுவார். அவர் பிழைப்பு அது. இதை மறைக்காதீர்கள். என்ன மருந்து, எந்தத் தேதி என்று அவரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள், கட்டுரையிலும் எழுதுங்கள். அந்தத் தேதிக்குப் பின் எடுத்த எண்ணிக்கையைத் தனியே காட்டுங்கள். விவசாயியின் குடிலில் ஆய்வு செய்த எவருக்கும் இது புரியும். மறைத்தால், வரைபடத்தில் ஒப்பீட்டுக் கோடும் சேர்ந்து சடாரென்று இறங்குவது காட்டிக்கொடுத்துவிடும்.

செய்முறைப் பகுதிக்கு என் சோதனை ஒன்றுதான்: அதை மட்டும் படித்துவிட்டு ஆனேக்கல்லில் இருக்கும் ஒருவர் அதே வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா? கரைசலின் அளவு, சேர்த்த சோப்பு, தெளிப்பானின் வகை, ரோஜா ரகம், செடியின் வயது, குடிலுக்குள் நீங்களே அளந்த வெப்பம், ஈரப்பதம். ஓசூர் வானிலைப் பதிவு குடிலுக்குள் நடப்பதைச் சொல்லாது. சிலந்தியின் இனத்தை யார் உறுதிசெய்தார் என்பதும் வேண்டும். கைலென்சில் பார்த்து இனப்பெயர் எழுதுவதை ஏற்கமாட்டார்கள், ஆண் சிலந்தியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் தேடி நெடுந்தூரம் போக வேண்டாம், பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இதற்கென்றே வல்லுநர்கள் இருக்கிறார்கள்.

யானை பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) என்று இரண்டு சரணாலயங்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. உள்ளே ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதி எண்ணை இதழ் கேட்கும். வேலை முடிந்தபின் அனுமதிக்கு அலைவதில் பயனில்லை.

இனி எழுத்து. 'ஓசூர்ப் பகுதியில் ரோஜா சாகுபடி: ஓர் ஆய்வு' என்பது தலைப்பே இல்லை. எந்தப் பூச்சி, எந்தக் கரைசல், எங்கே, எத்தனை பருவம் என்பது தலைப்பிலேயே தெரிய வேண்டும். ஆய்வுச் சுருக்கத்தில் 'முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன' என்று எழுதாதீர்கள், அந்த இடத்தில் எண்ணைப் போடுங்கள். முன்னுரையை ரோஜாவின் வரலாற்றில் தொடங்க வேண்டாம்.

இதழைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதம் நீக்கியது. பிறகு வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. ஆக, 'யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது' என்று இன்றைக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை அழித்துவிடலாம். இரண்டே நாளில் ஏற்பு, ஐந்தாயிரம் கட்டணம் என்றால் பேச்சே வேண்டாம். ஜான் போஹானன் என்ற நிருபர் வேண்டுமென்றே ஓட்டை வைத்த ஒரு பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த செய்தி இது. ஸ்கோபஸில் இருக்கிறது என்று சொன்னால் ஸ்கோபஸின் சொந்தத் தளத்தில் தேடுங்கள், இதழின் தளத்தில் இருக்கும் முத்திரையை நம்பாதீர்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யு.ஜி.சி. 2022இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அவசரப்படுங்கள்.

நல்ல இதழா என்று அறிய, அதில் கடந்த ஓராண்டில் வந்த கட்டுரைகளைப் படிப்பதுதான் வழி. அரசுக் கல்லூரிக்காரர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. அங்கே இருப்பவர்கள் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதிப் பிரதி கேட்கலாம், பலர் மகிழ்ந்து அனுப்புவார்கள்.

ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பக் கூடாது. துறைத்தலைவர் என்பதற்காக ஒருவர் பெயரைச் சேர்ப்பதும் தவறு, இதை நேரில் சொல்ல எல்லோராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் யார் எதைச் செய்தார் என்று இதழ் கேட்கும் படிவத்தை ஆரம்பத்திலேயே எல்லோர் முன்னாலும் வைத்துவிடுங்கள். ஏஐ செயலியை மொழி திருத்தப் பயன்படுத்தினால் சொல்லிவிடுங்கள். மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், இல்லாத கட்டுரைக்கு ஆண்டும் பக்கமும் போட்டுத் தரும். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். பெரும்பாலும் மாட்டுவது, சீனியரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்த செய்முறைப் பகுதிதான்.

கட்டுரை வெளியானதும் இன்னொரு வேலை இருக்கிறது, அதை எந்த இதழும் உங்களிடம் கேட்காது. எந்தக் கரைசல், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எங்கே பலிக்கவில்லை என்று ஒரே பக்கத்தில் எழுதி, குடிலைத் தந்த விவசாயியிடம் கொடுங்கள். அவர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால் அந்த மொழியில் கொடுங்கள்.