ஆங்கிலச் சொல்லை அசை பிரித்து அழுத்திச் சொல்வது எப்படி?

எழுத்துகளைச் சரியாக ஒலித்தும் நம் ஆங்கிலம் கேட்பவருக்குப் புரியவில்லை என்றால், பல நேரங்களில் குறை அழுத்தத்தில்தான் இருக்கும். தமிழில் சொல்லின் எந்த இடத்தை அழுத்தினாலும் பொருள் மாறாது. ‘கல்’, ‘கால்’ என்று குறிலும் நெடிலுமே பொருளைப் பிரிக்கின்றன. ஆங்கிலத்திலோ அழுத்தத்துக்கும் அந்த வேலை உண்டு. ‘ரெக்கார்ட்’ என்பதை முதல் அசையில் அழுத்தினால் பெயர்ச்சொல்; இரண்டாம் அசையில் அழுத்தினால் வினைச்சொல். ஆகவே, சொல்லின் எழுத்துக்கூட்டலைக் கற்கும்போதே அதன் அழுத்தத்தையும் கற்க வேண்டும்.

முதல் படி, அசைகளை எண்ணுவது. எழுத்தைப் பார்க்காமல், காதில் விழும் உயிரொலிகளை எண்ணுங்கள். ‘ஃபிலிம்’ என்று நாம் இரண்டாகச் சொல்வது பொது ஆங்கிலத்தில் ஒரே அசை. ‘ஸ்ட்ரீட்’டும் அப்படியே, முன்னால் ஓர் ‘இ’ ஒட்டிக்கொண்டால் இரண்டாகிவிடும். இரண்டாம் படி, அழுத்தம் பெறும் அசையைக் கண்டறிவது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அகராதிகளின் ஒலிக்குறிப்பில் அந்த அசைக்கு முன்னே, மேற்புறத்தில் சிறு செங்குத்துக் கோடு இருக்கும். மூன்றாம் படி, அந்த அசையைச் சற்று நீட்டி, உரக்கச் சொல்லி, மற்றவற்றைத் தளர்த்துவது. ‘பனானா’வில் நடு ‘னா’ மட்டுமே முழுதாக ஒலிக்கும். முன்னும் பின்னும் உள்ள உயிரொலிகள் தேய்ந்துபோகும். எல்லா உயிரையும் நிறைவாக ஒலித்துப் பழகிய நமக்கு இந்தத் தளர்த்தலுக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை.

ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்ய முடியுமா என்று கேட்கலாம். தேவையில்லை, விகுதிகள் வழிகாட்டும். ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ என முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையே அழுத்தம் பெறும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையிலும், ‘ஃபோட்டோகிராஃபி’ இரண்டாம் அசையிலும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறுகின்றன. ‘பாலிடிக்ஸ்’ போல முதல் அசையில் அழுத்தம் பெறும் விலக்குகள் உண்டு. ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள்.

வெள்ளைக்காரரைப் போலப் பேசத்தான் வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டாம், பேச்சின் சாயல் வேறு, அழுத்தம் வேறு. லண்டன்காரரும் நியூயார்க்காரரும் உயிரொலிகளில் வெகுவாக வேறுபடுகிறார்கள். ‘அட்வர்டைஸ்மென்ட்’ போன்ற சில சொற்களை விட்டுவிட்டால், அழுத்தத்தை இருவரும் ஒரே இடத்தில்தான் வைக்கிறார்கள். நம் சாயல் நம்மிடமே இருக்கட்டும். புதுச் சொல் ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போது, அழுத்தம் பெறும் அசையை அடிக்கோடிட்டு எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.