மதிலும் தாங்குசுவரும்

உதகையிலும் கொடைக்கானலிலும் மண்ணைத் தாங்கும் சுவரின்றி வீடமைத்தல் அரிது. சமநிலமாகிய சென்னையில் அத்தகைய சுவருக்கு வேலை யாது என வினவுவோர் பலர். தியாகராயநகரை ஒருமுறை சுற்றி வந்தோர் அவ்வாறு வினவார். லாங் டாங்க் என்னும் நெடிய ஏரியின் படுகைமேல் 1920-களில் எழுந்த பகுதி அது. சாலைமேற் சாலையிட்டு வீதி உயர்தலும், மழைநீருக்கஞ்சிய வீட்டார் மண் கொட்டித் தம் மனையை உயர்த்துகின்றனர். அன்றுமுதல், மறைவின் பொருட்டு ஒன்பது அங்குலத்தில் எழுப்பிய மதில், ஒருவரும் எண்ணாமலே தாங்குசுவராகிவிடுகின்றது. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இக்காட்சி அரிதன்று.

அதன்மேல் வரும் பாரத்தைச் சிறிது கணக்கிடுவோம். ஒரு மீட்டர் உயரம் உலர்ந்த மணல்மண் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 300 கிலோகிராம் பாரத்துடன் தள்ளும். உயரம் இருமடங்காயின் தள்ளும் விசை நான்மடங்கு; கவிழ்க்கும் வலிமையோ எண்மடங்கு. மண்ணின் உச்சிவரை நீர் தேங்கினால் அந்த 300, 650-க்கு மேற்படும். ஆதலின் சுவரின் உயிர் அதன் தடிப்பில் மட்டுமன்று, அடியிலுள்ள நீர் வடியும் துளைகளிலும் இருக்கின்றது. வெள்ளையடிக்க வருவோர் அழகு கருதி அத்துளைகளைச் சாந்திட்டு அடைப்பதை நாம் கண்டதுண்டு!

புரட்டாசியில், பருவமழைக்கு முன், துளைகளைக் கம்பியாற் குத்தித் திறந்து வைப்போமாக. ஆல், அரசங்கன்றுகளை வேர் பரவுமுன் களைதல் வேண்டும். தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளந்து, சென்ற ஆண்டின் அளவோடு ஒப்பிடுவோம். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சிமெண்டால் ஒட்டிவைத்தால், அது உடையும் நாளில் சுவர் நகர்வது தெரிந்துவிடும். பின்னர்ப் பூசி மறைத்தலாற் பயனில்லை. அருகிலுள்ளோரை அகலச் செய்து, பொறியாளரை அழைத்தலே முறை.

ஆயின் எப்பக்கம் நின்று பார்ப்பது? வீட்டுக்காரர் தம் பக்கம் நின்றால் பூச்செடிகளும், மிஞ்சினால் சுவரையொட்டி மண்ணில் நெடுக ஓடும் பிளவுமே புலப்படும். புடைப்பும் கசிவும் தாழ்ந்த பக்கத்திலேதான் தோன்றும். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையத்தையடுத்த நடூரில், மழையில் நனைந்த ஒரு வீட்டு மதில், ஏறக்குறைய 20 அடி உயரமுள்ளது, கீழிருந்த எளியோர் வீடுகள்மேற் சரிந்தது. குழந்தைகள் உட்பட 17 பேர் மாண்டனர். அச்சுவரைப்பற்றி முன்னமே முறையிட்டதாக அங்கு வாழ்ந்தோர் கூறினர். அதன் கீழ்முகத்தை நாள்தோறும் கண்டவர்கள் அவர்களே.

ஆகவே தூக்குக்குண்டை எடுக்குமுன் அயலாரிடம் சென்று, அவர்தம் முற்றத்துள் நின்று பார்க்க இசைவு பெறுவோம். எந்த மழையில் எவ்விடத்தில் கசிந்தது என்று அவர் சொல்வதையும் அளவுக்குறிப்பில் எழுதிக்கொள்வோம்.