பரம்பரைப் பல்லும் பேணும் பல்லும்



“எங்கள் குடும்பத்தில் எல்லோர்க்கும் சொத்தைப்பல்தான், குழந்தைக்கும் பரம்பரையாக வந்துவிட்டது. விழப்போகும் பாற்பல்தானே!” என்று கூறி வாளாவிருப்போர் பலர். இக்கூற்றில் மெய் எவ்வளவு, பிழை எவ்வளவு என்று ஆராய்வோம்.

முதலில் மெய். பல்லில் படியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. நுண்ணுயிர்களை எதிர்க்க உமிழ்நீரில் காவற்புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று பீட்டா டிஃபென்சின்-1. அது நுண்ணுயிரின் மேலுறையைச் சிதைக்க வல்லது. அதனை ஆக்கும் மரபணு 8ஆம் குரோமோசோமில் உள்ளது. அதன் அமைப்பில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு. 2010இல் வெளியான ஆய்வொன்று, அவ்வேறுபாடுகள் சிலவற்றுக்கும் சொத்தை மிகுதிக்கும் தொடர்பு கண்டது. குழந்தைகளிடம் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் யாவும் ஒரே விடை தரவில்லை. ஆகவே மரபுக்குப் பங்குண்டு. அதுவே முழுக் காரணம் அன்று.

இனிப் பிழை. காவல் குறைந்த வாயிலும் சர்க்கரை சேராவிடின் அமிலம் பெருகாது. ஒரு குடும்பத்தார் மரபணுவை மட்டுமா பகிர்கின்றனர்? ஒரே தின்பண்டத்தையும் பகிர்கின்றனர். தாய் சுவைத்த கரண்டியால் ஊட்டும்போது அவள் வாயின் நுண்ணுயிரும் குழந்தையைச் சேரும். பாற்கடைவாய்ப் பற்களோ 10 முதல் 12 வயதுவரை இருந்து, நிலைப்பற்களுக்கு இடம் காப்பவை.

கட்டிய வினை அனைத்தும் மாற்றவொண்ணாதது என்று நம் அறம் கூறவில்லை. புதுவினை வாராமல் தடுத்தலைச் செறிப்பு என்றும், பழவினையைத் தேய்த்தலை உதிர்ப்பு என்றும் உரைக்கிறது. மரபணுவும் வினையும் ஒன்றல்ல, உவமையாகவே சொன்னேன். பிறப்போடு வந்ததைக் காரணங்காட்டி முயற்சியைக் கைவிடலாகாது.

இரவுண்ணாமை நம் நோன்பு. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், படுக்கையில் இனிப்புப் பால்புட்டி தருவது பல்லுக்குப் பெருங்கேடு. அந்தியில் உண்டபின் பல் துலக்கி உறங்கச் செய்க. ஃபுளூரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசியளவும், 6 வயதுவரை பட்டாணியளவும் போதும். பல்லில் வெண்புள்ளி கண்டால் குழி விழுமுன் மருத்துவரிடம் காட்டுக.

வினாக்கள்:
1. காவற்புரதத்தின் பணி யாது?
2. பாற்பல்லைக் காப்பது ஏன்?
3. உம் வீட்டில் இன்றே மாற்றத்தக்க பழக்கம் எது?