உப்புக் குறைந்ததா, நீர் மிகுந்ததா?

முத்துப்பேட்டைக் காயலுக்குப் படகில் போகும்போது கரையோர அலையாத்தி மரத்தின் இலை ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியே புகுந்த உப்பில் ஒரு பகுதியை அந்த மரம் இலைச் சுரப்பிகளால் வெளியே தள்ளிவிடுகிறது. மிகுதியான உப்பைத் தள்ளுவது அலையாத்தியின் வேலை. நம் உடலின் வேலை அதனினும் நுட்பமானது: உப்பையும் நீரையும் ஒரே விகிதத்தில் நிறுத்தி வைக்க வேண்டும்.

நமது குருதியின் தெளிநீரில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருக்கிறது. 140 என்று கொண்டு அதைச் சமையலுப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 8 கிராம் வரும். 135-க்குக் கீழே இறங்கினால் குறைசோடிய நிலை என்பார்கள். 120-க்கும் கீழே விரைவாக இறங்கினால் தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

"சோடியம் குறைவு என்றால் உப்புச் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். நீர்மோர் சப்பென்று இருந்தால் உப்புக் குறைவாகப் போட்டிருக்கலாம். தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியும் இருக்கலாம். நாக்குக்கு இரண்டும் ஒன்றே. ஹார்மோன் கோளாறுகளால் வரும் குறைசோடிய நிலையில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

இங்கே இயற்பியல் ஆசிரியன் சற்றுக் குறுக்கிட வேண்டும். சோடியம் 140 என்றால், அதனுடன் இணைந்த எதிர்மின் அயனிகளையும் சர்க்கரை, யூரியா ஆகியவற்றையும் சேர்த்து, கரைந்துள்ள துகள்கள் லிட்டருக்குச் சுமார் 290 மில்லிமோல். உடல் வெப்பநிலையில் இதன் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏழு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல்! சோடியம் 120 ஆனால் துகள்கள் 250 ஆகின்றன. வேறுபாடு 40 மில்லிமோல். அழுத்தத்தில் சொன்னால் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம், அதாவது பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். உயிரணுவுக்கு வெளியே கரைசல் நீர்த்துப்போனதால் நீர் உள்ளே பாய்கிறது, அணு வீங்குகிறது. கையோ காலோ வீங்க இடமுண்டு. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு ஏது இடம்? குறைவு மெல்ல நேர்ந்தால் மூளை அணுக்கள் தம்மிடமுள்ள துகள்களைச் சிறிது சிறிதாக வெளியேற்றிச் சமாளித்துக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நீரை வடிப்பது சிறுநீரகம். அதற்கு ஆணையிடுவது மூளையடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். டெல்டாப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வடிகால் மதகை மூடினால் வயலில் தண்ணீர் நிற்கும். வாசோபிரெசின் மதகை மூடுகிறது. அது மிகாமல் தடுத்து வைப்பது அட்ரினல் சுரப்பியின் கார்டிசால். அதே அட்ரினலின் ஆல்டோஸ்டீரோன், உப்பு சிறுநீரில் வீணாகாமல் காக்கிறது. பொட்டாசியத்தை வெளியே அனுப்புகிறது.

அட்ரினலே அழிந்துபோகும் நோயை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் விவரித்தார். அதில் உப்பும் வீணாகிறது, நீரும் தங்குகிறது, தோலும் கறுக்கிறது. தேவையின்றியே வாசோபிரெசின் பெருகும் நிலையை 1957-இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர் நுரையீரல் புற்றுநோயாளர் இருவரிடம் கண்டு எழுதினர். தைராய்டு மிகக் குன்றினாலும் சோடியம் குறையலாம். ஆனால் அது அரிது.

நெல் விளையும் நம் பகுதிக்கு மிக நெருங்கிய காரணம் வேறொன்று. அது வரப்பில் இருக்கிறது: கண்ணாடி விரியன்.

அறுவடையில் கடிபட்ட ஓர் உழவரை எண்ணிக்கொள்ளுங்கள். நஞ்சுமுறி மருந்தால் பிழைத்து வீடு திரும்புகிறார். சில ஆண்டுகள் கழித்து ஓயாத அசதி; வெயிலிலும் குளிர்; மீசை தாடி வளர்ச்சி குன்றுகிறது. வயதாகிறது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் காய்ச்சலும் வாந்தியும் வந்து நினைவு தடுமாறுகிறது. சோடியம் 112. உப்புநீர் ஏற்றினால் சற்றே தேறுகிறார். சில வாரங்களில் மீண்டும் அதே கதை.

விரியன் நஞ்சு குருதியின் உறையும் தன்மையைக் குலைக்கிறது. பிட்யூட்டரியின் மெல்லிய குழாய்களில் கட்டிகளும் கசிவும் ஏற்பட்டு, அதன் முன்பகுதி பட்டுப்போகிறது. பிள்ளைப்பேற்றில் பெருமளவு குருதி இழந்த தாய்மாரிடம் இத்தகைய அழிவை 1937-இல் லிவர்பூல் மருத்துவர் ஷீஹன் விவரித்திருந்தார். பர்மாவில் விரியன் கடிபட்டோரிடமும் அதைப் போன்றதே நேர்கிறது என்று 1987-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இத்தகைய நோயாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள். கடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தால், அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன் நின்று, கார்டிசால் குறைந்து, வாசோபிரெசின் தடையின்றி மதகை மூடிவிடுகிறது.

இதை எப்படிக் கண்டறிவது? சோடியத்தை அளப்பதே அழகான இயற்பியல். அடுப்புத் தீயில் உப்புநீர் தெறித்தால் மஞ்சளாக எரியுமல்லவா? 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளியின் செறிவை அளந்தே சுவாலை ஒளிமானி நெடுங்காலம் சோடியத்தைக் கணக்கிட்டது. இன்று பெரும்பாலும் அயனி உணரும் மின்முனைகள் அவ்வேலையைச் செய்கின்றன. கரைந்துள்ள மொத்தத் துகள்களை உறைநிலைத் தாழ்வால் அறியலாம். நலமான தெளிநீர் சுழிக்குக் கீழே அரை டிகிரியைச் சற்றே தாண்டி உறையும். சர்க்கரை மிகுந்தாலும் அணுக்களிலிருந்து நீர் வெளியேறிச் சோடியம் குறைவாகத் தெரியும். ஆகவே அதை முதலில் விலக்க வேண்டும்.

அடுத்தது சிறுநீர். குருதி நீர்த்திருந்தால் சிறுநீரும் நீர்த்திருப்பதே நியாயம்; அதில் துகள்கள் 100 மில்லிமோலுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மதகு மூடியிருக்கிறது என்று பொருள். பிறகு பொட்டாசியம். அடிசன் நோயில் பெரும்பாலும் அது உயரும். பிட்யூட்டரி நோயில் உயர்வதில்லை. ஏனெனில் ஆல்டோஸ்டீரோன் முக்கியமாகச் சிறுநீரகத்திலிருந்தே ஆணை பெறுகிறது. தோலும் கறுப்பதற்குப் பதில் வெளிறும். காலை எட்டு மணிக் கார்டிசால் மிகக் குறைந்து, அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனும் உயராதிருந்தால் குற்றவாளி பிட்யூட்டரியே. ஐயமிருந்தால் அந்த ஹார்மோனையே ஊசியில் செலுத்தி, அரை மணியிலும் ஒரு மணியிலும் கார்டிசால் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் இச்சோதனைகளை யாருக்குச் செய்வது என்பதை மருத்துவர் கேட்கும் ஒரு கேள்வி தீர்மானிக்கிறது: "எப்போதாவது பாம்பு கடித்திருக்கிறதா?" கேட்காவிட்டால், பழைய கடியை நோயாளியாக எடுத்துச் சொல்லமாட்டார், அசதிக்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துவிட்டால் மருந்து எளியது: ஹைட்ரோகார்டிசோன். கொடுத்த சில மணிகளில் மதகு திறந்து சிறுநீர் வெள்ளமாகப் போகும். இங்கேதான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னது வருகிறது. மூளை அணுக்கள் துகள்களை வெளியேற்றிப் பழகிவிட்டன. சோடியம் சட்டென்று ஏறினால் நீர் எதிர்த்திசையில் ஓடி, நரம்பிழைகளின் மேலுறை சிதையும். ஆகையால் ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறவிடுவதில்லை. சில மணிக்கொரு முறை குருதியைச் சோதிப்பார்கள். தைராய்டு மருந்து தேவைப்பட்டால் கார்டிசாலை ஈடுசெய்த பிறகே அதைத் தொடங்குவார்கள். நம் உழவர் இனி நாள்தோறும் மாத்திரை உண்பார்; காய்ச்சல் வரும் நாட்களில் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டிக்கொள்வார்.